குடலில் பட்ட அம்பும் 19 மணி நேரத் தேடலும்

போன அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை 6:12-க்கு நான் விட்ட அம்பு ஒரு பெண் மானின் வயிற்றில் போய்ப் பட்டது. அந்த மானை நான் கண்டெடுத்தபோது மறுநாள் மதியம் 1:10. நடுவே போன 19 மணி நேரத்தில், செய்யக்கூடாது என்று சொல்லப்படும் காரியங்களில் பாதியை நான் செய்துவிட்டேன். இங்கே மிச்சிகனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்பாவோ மாமாவோ தாத்தாவோ கூடவே காட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. ஊரைவிட்டு வந்து முப்பது வயதுக்கு மேல் வில்லைத் தொட்டவன் நான். என்னைப் போல இந்த நாட்டுக்கு வந்து, உரிமம் எடுத்து, தனியாகக் கற்றுக்கொண்டு காட்டுக்குப் போகும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் விளைநிலத்திலும் நெடுஞ்சாலையிலும் ஏராளம். மாநில அரசே உரிமம் கொடுத்து வேட்டைப் பருவத்தை நடத்துகிறது. மிச்சிகனில் வில்லுக்கான முதல் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் 14 வரை போகும், துப்பாக்கிக்காரர்கள் 15-ஆம் தேதி வருவார்கள். நான் போவது லான்சிங்குக்கு வடக்கே ஓய்வுபெற்ற ஒரு விவசாயியின் 40 ஏக்கர் நிலம். ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் ஓக் மரங்கள், நடுவில் ஒரு சதுப்பு. இது எனக்கு நான்காவது பருவம். அதற்கு முன் இரண்டு மான்களை எடுத்திருந்தேன், இரண்டும் நுரையீரலில் பட்டு, கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே விழுந்தவை. அதனால் அடிபட்ட மானைத் தேடுவது என்ற வேலையே எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாது என்பதும் தெரியவில்லை.

அன்றைக்குப் பரணில் ஏறி உட்கார்ந்தது மூன்று மணிக்கு. தரையிலிருந்து சுமார் 18 அடி உயரம். ஆறு மணிக்கு மேல் சோளக்கொல்லை ஓரமாக மூன்று பெண் மான்கள் வந்தன. பெரியது முன்னால். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்தேன், 28 கஜம். நடந்துகொண்டே இருந்ததால் நிற்க வைப்பதற்காக வாயால் ஒரு சத்தம் கொடுத்தேன். நின்றது. ஆனால் தலையைத் தூக்கி, காதை என் பக்கம் திருப்பி, உடம்பெல்லாம் விறைத்து நின்றது. மார்பும் லேசாக என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அம்பு விடாமல் மானைப் போக விட்டுவிட வேண்டும். நான் போக விடவில்லை. என் அம்பு நொடிக்கு 270 அடி வேகத்தில் போகும். 28 கஜம் என்றால் 84 அடி, ஏறக்குறைய 0.3 நொடி. நாணின் சத்தம் அதே தூரத்தை 0.08 நொடிக்குள் கடந்துவிடுகிறது. அதாவது மானுக்குச் சத்தம் கேட்ட பிறகும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே விறைத்து நிற்கும் மானுக்கு அது தாராளம். ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்திச் சுழன்றது. தோளுக்குப் பின்னால் பட வேண்டிய அம்பு ஒரு முழம் பின்னால் போய்ப் பட்டது. அம்பின் வாலில் எரிந்த பச்சை விளக்கு வயிற்றுக்குள் மறைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. பரணில் உட்கார்ந்தபடியே, ஒருவேளை கல்லீரலில் பட்டிருக்கும், உள்ளே சாய்ந்து போய் நுரையீரலின் ஓரத்தைத் தொட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மான் என்ன செய்தது என்பதைப் பார்த்திருந்தாலே போதும். நெஞ்சில் பட்ட மான் பின்னங்கால்களை உதறி எகிறித் தலைதெறிக்க ஓடும். இது முதுகை வில்லாக வளைத்து, வாலைத் தொங்கவிட்டு, நாலு தாவு தாவிவிட்டுப் பிறகு நடந்தே போனது. முதுகு வளைந்தால் வயிறு. இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் வழக்கமான உரிமம் கிடைக்கும், அந்த வகுப்பிலும் சொன்னார்கள். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது படித்தது எதுவும் நினைவுக்கு வராது. ஆகவே அம்பு கையைவிட்டுப் போன அடுத்த நிமிடமே கைபேசியில் மூன்று விஷயங்களைப் பதிந்துவிடுங்கள்: எந்த இடத்தில் பட்டதாகக் கண் பார்த்தது, மான் என்ன செய்தது, கடைசியாக எந்த மரத்தின் பக்கத்தில் மறைந்தது. பத்து நிமிடம் போனால் ஆசை அந்த நினைவைத் திருத்தி எழுதிவிடும்.

இருபது நிமிடம் கழித்து இறங்கினேன். அம்பு துளைத்து வெளியே வந்து, ஈர இலைகளுக்கு நடுவே மண்ணில் சாய்ந்து குத்தியிருந்தது, பச்சை விளக்கு இன்னும் எரிந்தபடி. எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஆட்டுக்குடல் கழுவும்போது வரும் அதே வாடை, ஊரில் பொங்கலுக்குக் கிடா வெட்டும் வீட்டில் கொல்லைப்புறம் வீசுமே, அது. இறகுகளை இரண்டு விரலுக்கு நடுவே உருவினேன். பழுப்பும் பச்சையுமாகப் பிசுபிசுப்பு, அரைபட்ட ஓக் கொட்டைத் துணுக்குகள், ரத்தம் மிகக் கொஞ்சம். அம்பு கிடந்த இடத்தில் சில முடிகள் இருந்தன, கரடுமுரடான பழுப்பு முடியும் இரண்டு வெள்ளை முடியும். வெள்ளை முடி அடிவயிற்றில்தான் இருக்கும். அம்பு கீழ்நோக்கிப் போய் வெளியேறிய இடம் அது.

இதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, நுரையும் குமிழியுமாக இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம், மான் அதற்கு முன்பே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், நாலு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை, பழுப்பு, வாடை என்றால் இரைப்பையோ குடலோ. எட்டு மணி நேரம், முடிந்தால் பன்னிரண்டு. குடலில் பட்ட மானும் பிழைக்காது, ஆனால் மெல்லத்தான் சாகும். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் நூறு, இருநூறு கஜத்துக்குள் படுத்துக்கொள்ளும், படுத்த இடத்திலேயே உயிர் போகும். யாராவது பின்னாலேயே வந்தால் எழுந்து ஓடும். எழுந்து ஓடும் மான் பெரும்பாலும் ரத்தம் சிந்தாது, ஏனென்றால் குடலும் கொழுப்பும் வந்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை, அம்பை அங்கேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிக் காருக்குப் போவதுதான்.

நான் போனது காட்டுக்குள். காரணம் கேட்டால் மூன்று பயம். இரவு மழை வரும் என்று வானிலை சொல்லியது, ரத்தத் தடம் கரைந்துவிடுமே என்ற பயம். சதுப்புப் பக்கம் கொயோட்டிகள் (சின்ன ஓநாய் போன்றவை) ஊளையிடும், அவை முந்திக்கொள்ளுமே என்ற பயம். மூன்றாவதுதான் பெரியது. ஒரு உயிர் நம்மால் வலியில் துடிக்கிறது, நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்ற பயம். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு மானுக்காக என்று அப்போது நினைத்தேன், உண்மையில் அது என் மனசு ஆறுவதற்காக. இதில் இன்னொன்றும் இருக்கிறது. இருட்டிவிட்டது, வில்லைக் காரில் பூட்டிவிட்டு விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மான் உயிரோடு எதிரே கிடந்திருந்தாலும் என்னால் அதற்கு ஒன்றும் செய்திருக்க முடியாது.

எழுபது அடி எடுத்துவைத்திருப்பேன். துளித்துளியாக ரத்தம், ஒரு மேப்பிள் இலையில் கட்டைவிரல் அளவுக்கு. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, விழுந்துகிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து ஏதோ எழும் சத்தம். கிளை ஒடிந்தது. ஒரு கனத்த மூச்சு. பிறகு குளம்புகள் தண்ணீரில் சளப் சளப் என்று தூரமாகப் போகும் சத்தம். படுத்திருந்த இடத்தில் கை வைத்தேன், இலைகள் சூடாக இருந்தன. அங்கேயே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் விட்டுவைத்திருந்தால் அந்த மான் காலையில் அதே இடத்தில் கிடந்திருக்கும். இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, அப்போதாவது திரும்பியிருக்கலாம். இல்லை. இரவு 11:30 வரை அந்தச் சதுப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். தடம் முழுசாக விட்டுப்போன பிறகு, வரிசை வரிசையாகத் தேடுவோம் என்று நாற்றுநடவு போல ஒவ்வொரு அடியாக மிதித்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில் வைத்திருந்தேன், ரத்தத்தில் பட்டால் நுரைக்கும், சிவந்த இலைக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உதவும். நல்ல பொருள்தான், ஆனால் ரத்தமே இல்லாத இடத்தில் அதை வைத்து என்ன செய்வது. நான் செய்த ஒரே நல்ல காரியம், கடைசியாக ரத்தம் பார்த்த இடங்களில் எல்லாம் கழிப்பறைக் காகிதத்தைக் கிழித்துக் கிளையில் தொங்கவிட்டது. மழையில் அதுவே கரைந்துவிடும், குப்பையாகாது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், மான் எந்தத் திசையில் போனது என்று புரியும். தடத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடந்திருந்தால் இன்னும் உதவியிருக்கும். என் பூட்ஸ் அடியில் ரத்தமும் வாடையும் ஒட்டிக்கொண்டு, நான் போன இடமெல்லாம் அதைப் பரப்பிக்கொண்டே போயிருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விழித்திருந்தாள். “என்னங்க, கிடைக்கலையா?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. ஒரு நண்பர், வெப்பம் காட்டும் கேமராவோடு டிரோன் விட்டுத் தேடித் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று செய்தி அனுப்பினார். மிச்சிகனில் 2015-இல் வந்த சட்டப்படி வேட்டைக்கு டிரோன் கூடாது, அடிபட்ட மானைத் தேடுவதும் அதில் அடங்கும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பின் பட்டியல் கண்ணில் பட்டது. அடிபட்ட மானை மோப்ப நாய் வைத்துத் தேடித் தருகிறவர்களின் பெயரும் எண்ணும் மாநில வாரியாக இருக்கிறது. மூன்று பேருக்குச் செய்தி விட்டேன். இருவர் ஏற்கெனவே வேறு தேடலில் இருந்தார்கள். மூன்றாமவர் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார்.

அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், பதில்களைத் தயாராக வைத்திருங்கள். எத்தனை மணிக்கு அம்பு விட்டீர்கள்? அம்பு இருக்கிறதா, படம் அனுப்ப முடியுமா? மானை எழுப்பிவிட்டீர்களா, எத்தனை முறை? எத்தனை பேர் அங்கே நடந்தார்கள்? பக்கத்து நிலம் யாருடையது? நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அம்பைப் பார்த்த உடனே என்னைக் கூப்பிட்டிருக்கலாம், காத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன், அதற்குப் பணம்கூட வாங்கமாட்டேன்” என்றார். மழை பற்றிக் கேட்டேன். லேசான மழை நாய்க்குத் தடையே இல்லை, ஈரத்தில் வாடை நன்றாகவே நிற்கும் என்றார். எந்த மழைக்குப் பயந்து நான் உள்ளே போனேனோ, அது நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர் வருவதற்குள் நான் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மான் போன திசையில் வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். அடிபட்ட மானைத் தேடித்தான் போகிறோம் என்றாலும் மிச்சிகனில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் விளைநிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. அழுக்கு உடையும் தூங்காத கண்ணுமாக நின்ற என்னைப் பார்த்துப் பயந்திருப்பார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போய்த் தேடுங்கள், கண்டுபிடிக்காமல் வராதீர்கள்” என்றார். பருவம் தொடங்குவதற்கு முன்பே சுற்றியிருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போய் முகம் காட்டி வைத்திருக்க வேண்டும். எல்லாரும் இவரைப் போல இருக்கமாட்டார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

நாய் ஒரு கம்பிமுடி டாக்ஸ்ஹுண்ட். முழங்காலுக்குக்கூட வராது, ஒன்பது கிலோ இருந்தால் அதிகம். முப்பது அடிக் கயிறு கழுத்துப்பட்டையில் கட்டியிருந்தது. இங்கே தேடும் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும், மாநில இயற்கை வளத் துறைக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர் தொலைபேசியில் சொல்லிவிட்டே வந்திருந்தார். அம்பு கிடந்த இடத்தில் நாயை நிறுத்தினார். அது மூக்கை இலைக்குள் புதைத்து இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு நேராகப் போனது. விழுந்த மரத்துக்குப் பின்னால் மான் படுத்த இடம் வரைக்கும் ஒரு தயக்கமும் இல்லை. அதற்கப்புறம்தான் என் வேலையின் பலன் தெரிந்தது. நான் ஐந்து மணி நேரம் மிதித்த அந்தச் சதுப்பில் நாய் சுற்றிச் சுற்றி வந்தது, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது, மறுபடி சுற்றியது. நாற்பது நிமிடம். மானின் குளம்புப் பிளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, நாய் ரத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவதில்லை, அந்த வாடையையும் பிடித்துத்தான் போகும் என்று அவர் விளக்கினார். நான் அதன் மேல் என் கால்தடத்தை எல்லாத் திசையிலும் பூசி வைத்திருந்தேன்.

கடைசியில் அவர் நாயைத் தூக்கிக்கொண்டு நான் மிதித்த எல்லைக்கு வெளியே ஒரு பெரிய வட்டம் போட்டார். வேலி ஓரத்தில் நாய் திடீரென்று கயிற்றை இழுத்தது. அங்கே ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, எனக்கு நம்பிக்கையும் இல்லை. இருநூறு கஜம் போனபின் ஒரு புல்மேட்டில் நாய் நின்றது. புல் மடங்கியிருந்தது, நடுவில் உள்ளங்கை அளவு கருத்த ரத்தம். இரண்டாவது படுக்கை. இன்னும் கொஞ்ச தூரத்தில் மூன்றாவது. குடலில் பட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும் என்று சொல்வார்கள், இதுவும் ஓடைப்பக்கம்தான் போனது. ஓடைக்கரையில், முன்னங்கால்கள் தண்ணீரில், கழுத்து கரையில் சாய்ந்தபடி கிடந்தது. முதலில் அம்பு விட்ட இடத்திலிருந்து அரை மைலுக்கு மேல். நாய் அதன் விலாவில் மூக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நான் அழுதேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

இரவு 36 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியிருந்ததால் இறைச்சி ஓரளவு தப்பியது. 40-க்கு மேல் போகும் இரவாக இருந்தால் இறைச்சி கெடும் ஆபத்து மணிக்கு மணி கூடும், அப்போதும் குடலில் பட்ட மானை அவசரப்பட்டு எழுப்பினால் இறைச்சி மட்டுமில்லை, மானே கிடைக்காது. ஒரு பின்னந்தொடையைக் கொயோட்டிகள் தின்றிருந்தன. மானின் மேல் உரிமச் சீட்டைக் கட்டிவிட்டு வயிற்றைத் திறந்தபோது, குடல் கழிவு பரவி உள்ளே தொட்ட இடமெல்லாம் பச்சையாக இருந்தது. முதுகெலும்புக்கு உட்பக்கம் இருக்கும் மிருதுவான சதையை முழுதாகத் தள்ளிவிட்டேன். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் அதை இன்னும் பரப்பும். பட்ட இடத்தை விரற்கடை கனத்துக்கு வெட்டி எறிவதுதான் வழி. முதுகின் வெளிப்பக்கச் சதை, இரண்டு முன்தொடை, ஒரு பின்தொடை மிஞ்சின. எலும்பில்லாமல் இருபது கிலோ வந்திருக்க வேண்டிய மானில் கிடைத்தது பதினொன்று. மான் எடுத்ததை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அன்று மாலையே செய்துவிட்டேன்.

செலவைக் கேட்பீர்கள். நாய்க்காரருக்கு 150 டாலர், பெட்ரோலுக்கு 30. சதுப்பில் நனைந்து கெட்டுப்போன ஹெட்லேம்ப் 60. திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு. இரவில் நாயைக் கூப்பிட்டுவிட்டு வீட்டில் தூங்கியிருந்தால் 150 மட்டும் போயிருக்கும், அல்லது அதுவும் போயிருக்காது. இப்போது 20 கஜத்துக்கு மேல் நான் அம்பு விடுவதில்லை. தலை தூக்கி நிற்கும் மானை விட்டுவிடுகிறேன். மான் உடம்பைச் சற்று விலக்கி, பின்பக்கம் லேசாக என்னை நோக்கி நிற்கும்போது மட்டும் நாணை இழுக்கிறேன், அந்தக் கோணத்தில் கொஞ்சம் பின்னால் பட்டாலும் அம்பு முன்னோக்கிப் போய் நெஞ்சுக்குள் நுழையும். பையில் காகிதச் சுருள், ஒரு புத்தகம், ஒரு ஃபிளாஸ்க் இருக்கிறது. புத்தகமும் ஃபிளாஸ்க்கும் காரில் காத்திருப்பதற்கு.

கிடைத்த இறைச்சியில் முதல் பொட்டலத்தை அந்த அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நிற்க வைத்து, மான் எங்கே கிடந்தது, எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்று கேட்டார். விடியும் வரை இருந்திருக்கலாம் என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தன் வீட்டு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை இரவென்றாலும் கூப்பிடு என்றார். அந்த எண்ணும் நாய்க்காரரின் எண்ணும் இப்போது என் கைபேசியில் மேலேயே இருக்கின்றன.